குற்றப் படங்களும் முதல் வாரத் தீர்ப்பும்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றின் தென்கரையில் கேட்ஸ்ஹெட் என்றொரு நகரம் இருக்கிறது. அந்நகரின் நடுவே பல மாடிகள் கொண்ட கார் நிறுத்துமிடம் ஒன்று நெடுங்காலம் நின்றது. பூச்சு இல்லாத வெறும் கான்கிரீட் கட்டடம். 2010ஆம் ஆண்டு அதை இடித்தார்கள். இடித்த கான்கிரீட் துண்டுகளைத் தகர டப்பாக்களில் அடைத்து, டப்பா 5 பவுண்டு என்று நகர மன்றமே விற்றது. மக்களும் காசு கொடுத்து வாங்கிப் போனார்கள்.

கார் நிறுத்துமிடத்தின் உடைசலுக்கு ஏன் இந்த மதிப்பு? 1971இல் வெளிவந்த ‘கெட் கார்ட்டர்’ என்ற குற்றப் படத்தில் அந்தக் கட்டடம் வருகிறது. ஒரு கொலை அங்கேதான் நடக்கிறது. இன்று பிரிட்டனின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாகப் பேசப்படும் அந்தப் படத்தைப் பார்த்து, அது வெளிவந்த புதிதில் விமர்சகர்கள் பலர் முகம் சுளித்தார்கள்.

இந்தத் தவணையில் திரைப்படத் திறனாய்வை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, அது வெளிவந்த காலத்தில் என்ன சொன்னார்கள், பின்னாளில் என்ன சொன்னார்கள் என்று ஒப்பிட்டு எழுத வேண்டும் என்பது எங்களுக்குக் கொடுக்கப்பட்ட இடுபணி. ‘கெட் கார்ட்டர்’ படத்தை எடுத்துக்கொண்டேன். பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே நம் நாட்டுப் படம் ஒன்று இடையில் வந்து நின்றது. அது ‘ஜகாட்’. இரண்டையும் சேர்த்து யோசித்ததில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ஊருக்குத் திரும்பும் ஒருவன்

‘கெட் கார்ட்டர்’ படத்தின் கதை எளிமையானது. ஜாக் கார்ட்டர் லண்டனில் குண்டர் கும்பல் ஒன்றுக்கு வேலை பார்ப்பவன். சொந்த ஊரில் உடன்பிறந்தவன் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. குடித்துவிட்டுக் கார் ஓட்டியதால் நேர்ந்த விபத்து என்கிறார்கள். கார்ட்டர் அதை நம்பவில்லை. உண்மையைத் தேடி நியூகாசலுக்கு ரயில் ஏறுகிறான்.

கார்ட்டராக நடித்தவர் மைக்கேல் கெய்ன். டெட் லூயிஸ் 1970இல் எழுதிய நாவலைத் தழுவி எடுத்தவர் மைக் ஹாட்ஜஸ். திரையரங்குக்காக அவர் இயக்கிய முதல் படம் இது. கச்சிதமான கோட்டு சூட்டு, பதற்றமே இல்லாத முகம், ராய் பட்டின் இசை, ரயிலில் உட்கார்ந்து துப்பறியும் நாவல் படிக்கும் நாயகன் என்று முதல் பத்து நிமிடத்திலேயே ‘ஸ்டைல்’ தெரிந்துவிடும்.

வெளிவந்தபோது பிரிட்டிஷ் தணிக்கையாளர்கள் படத்துக்கு வயது வந்தோர் மட்டும் பார்க்கும் ‘எக்ஸ்’ சான்றிதழ் கொடுத்தார்கள். மைக்கேல் கெய்னின் நடிப்பைப் பலரும் பாராட்டினார்கள். ஆனால் படம் கொடூரமானது, ஈரமே இல்லாதது, நல்லவன் என்று சொல்ல ஒருவனும் இல்லை என்பவையே அடிக்கடி எழுந்த குறைகள்.

ஆண்டுகள் ஓடின. 1999இல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம், திரைத்துறையினரிடம் வாக்கெடுத்து, 20ஆம் நூற்றாண்டின் சிறந்த 100 பிரிட்டிஷ் படங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ‘கெட் கார்ட்டர்’ 16ஆவது இடத்தில் இருந்தது. 2004இல் ‘டோட்டல் ஃபிலிம்’ என்ற சஞ்சிகை இதையே பிரிட்டனின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தெடுத்தது. 2022இல் படத்தைப் புதுப்பித்து மீண்டும் திரையிட்டார்கள்.

இத்தனை ஆண்டுகளில் படத்தில் ஒரு காட்சிகூட மாறவில்லை. பார்த்தவர்கள் கேட்ட கேள்விதான் மாறியது. 1971இல் அவர்கள் கேட்டது, ‘இப்படிப்பட்ட கெட்டவனை நாம் ஏன் பார்க்க வேண்டும்?’ பிறகு வந்தவர்கள் கேட்டது, ‘இப்படி ஒருவனை உருவாக்கிய ஊர் எது?’

இரண்டாவது கேள்வியோடு பார்த்தால் படத்தில் வேறு பல தெரியத் தொடங்கும். மைக் ஹாட்ஜஸ் அதற்கு முன் ‘வேர்ல்ட் இன் ஆக்‌ஷன்’ என்ற நடப்பு விவகாரத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பணியாற்றியவர். ஆவணப்படக் கண்ணோடுதான் அவர் நியூகாசலைச் சுற்றி வந்திருக்கிறார். ஒட்டி ஒட்டிக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகள், புகை சூழ்ந்த மதுக்கடைகள், ஆற்றுப் பாலங்கள், நிலக்கரிச் சுரங்கக் கழிவைக் கடலில் கொட்டும் கறுத்த கடற்கரை என எல்லாம் நிஜ இடங்கள். இன்று அந்தச் சுரங்கங்கள் இல்லை. கழிவைக் கொட்டிய இயந்திரங்கள் இல்லை. கார் நிறுத்துமிடமும் இல்லை. அந்த வட்டாரத்து மக்களுக்கு இது அழிந்துபோன தங்கள் ஊரின் சாட்சியமாகவும் இருக்கிறது. டப்பாவில் அடைத்த கான்கிரீட்டை ஏன் வாங்கினார்கள் என்பது இப்போது புரிகிறதா?

பேனாவின் வேகம்

இதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பு நடந்த இன்னொரு சம்பவத்தையும் எங்கள் வகுப்பில் படித்தோம். 1960இல் ‘பீப்பிங் டாம்’ என்ற பிரிட்டிஷ் படம் வெளிவந்தது. கையில் கேமராவோடு அலையும் ஒரு கொலைகாரனைப் பற்றிய படம். எடுத்தவர் மைக்கேல் பவல். ‘த ரெட் ஷூஸ்’ போன்ற படங்களால் முன்பே பெரும் புகழ் பெற்றவர். விமர்சகர்கள் அந்தப் படத்தின் மீது பாய்ந்த வேகத்தில் திரையரங்குகளிலிருந்து அது சீக்கிரமே காணாமல் போனது. பிரிட்டனில் பவலின் திரை வாழ்க்கையும் அதோடு சரிந்தது. பிறகு அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி போன்றவர்கள் தேடி எடுத்துப் பேசியதால்தான் படம் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது.

அன்று கடுமையாக எழுதியவர்களில் ஒருவர் ‘சண்டே டைம்ஸ்’ விமர்சகர் டிலிஸ் பவல். பெயர் ஒன்றானாலும் இயக்குநருக்கும் அவருக்கும் உறவில்லை. 1994இல், தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில், தம் பழைய தீர்ப்பைத் திரும்பப் பெற்று அதே ஏட்டில் எழுதினார். 34 ஆண்டுகள் கழித்து! இயக்குநர் மைக்கேல் பவல் அப்போது உயிரோடு இல்லை. அவர் 1990இலேயே மறைந்துவிட்டார்.

நம் தமிழ்ப் படங்களிலும் இதற்கு இணையான கதைகள் உண்டு. 1954இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ்.பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் பாட்டே கிடையாது. நடனமும் கிடையாது. ஒரு கொலை, அதைச் செய்தது யார் என்று ஆளுக்கொரு கோணத்தில் சொல்லும் கதை. நாயகன் சிவாஜி கணேசன் படம் தொடங்கியதுமே சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! தேசிய விருதுக் குழுவின் நற்சான்றிதழ் கிடைத்தும் வசூலில் படம் சோர்ந்தது. இன்றோ தமிழின் முன்னோடித் துப்பறியும் படம் என்று பாடமாகவே சொல்லித் தருகிறார்கள்.

2011இல் வந்த தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ இன்னோர் எடுத்துக்காட்டு. தணிக்கையில் 52 வெட்டுகள் கேட்கப்பட்டு, மேல்முறையீடு வரை போன படம். திரையரங்கில் கூட்டம் இல்லை. பிறகு அறிமுக இயக்குநரின் சிறந்த படம், சிறந்த படத்தொகுப்பு என இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது. இன்று திரைப்படம் படிக்கும் மாணவர்கள் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

ஒரு விஷயம். ‘கெட் கார்ட்டர்’, ‘பீப்பிங் டாம்’, ‘ஆரண்ய காண்டம்’ மூன்றும் வயது வந்தோருக்கான படங்கள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகள் அவற்றுக்காகச் சில ஆண்டுகள் காத்திருக்கலாம். ‘அந்த நாள்’ படத்தைத் தாத்தா பாட்டியோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

நம் வீட்டுப் படம்

இப்போது நம் ஊருக்கு வருவோம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015 டிசம்பரில் வெளிவந்தது. கெட்டவன், பொல்லாதவன் என்று பொருள்படும் மலாய்ச் சொல்லான ‘ஜஹாட்’, நம்மவர் நாக்கில் புரண்டு ‘ஜகாட்’ ஆனது. தலைப்பே மலேசியத் தமிழ்.

1990களின் தொடக்கத்தில் நடக்கும் கதை. தோட்டங்கள் மூடப்பட்டு, வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் புறம்போக்குக் குடியிருப்புகளில் ஒண்டிக்கொண்ட காலம். பன்னிரண்டு வயது அப்போய் துறுதுறுப்பான பையன். அப்பா மணியம் அவன் படித்து முன்னேற வேண்டும் என்று துடிப்பவர். துடிப்பு பெரும்பாலும் அடியாக வெளிப்படுகிறது. சித்தப்பாக்களில் ஒருவன் போதைப் பழக்கத்திலிருந்து மீளப் போராடுகிறான். இன்னொருவன் ‘மெக்சிகோ’ என்ற பட்டப் பெயரோடு குண்டர் கும்பலில் இருக்கிறான். வீட்டில் அடி, பள்ளியில் அடி. அப்போயின் கண்ணுக்கு மரியாதையோடு நடமாடுகிறவனாகத் தெரிவது மெக்சிகோ ஒருவன்தான். அந்தத் தோரணையில் பையன் மயங்குகிறான். அப்போயாக நடித்த ஹர்விந்த் ராஜின் முகத்தில் அந்த மயக்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

படம் வெளிவந்த அதே வாரம்தான் ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் உலகம் முழுக்க வந்தது. சிறு முதலீட்டில் எடுத்த உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு எத்தனை அரங்குகள் கிடைக்கும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்கள் மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லித்தான் படம் நகர்ந்தது. தமிழ் தெரியாத மலேசியர்களும் வசன வரிகளைப் படித்தபடி பார்த்தார்கள்.

அப்போது எனக்கு ஏறக்குறைய அப்போயின் வயதுதான். திரையரங்கில் பார்க்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து, இந்த இடுபணிக்காகவே, தெலுக் பங்லிமா காராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அம்மா, அப்பா, மூன்றாம் படிவம் படிக்கும் தம்பியோடு உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிவதற்குள் மூன்று விமர்சனங்கள் கிடைத்துவிட்டன.

தம்பி சொன்னது: “ஏன்க்கா இவ்ளோ ஸ்லோவா போவுது? சண்டை எப்ப வரும்?”

அம்மா சொன்னது: “என்னத்துக்கு இதெல்லாம் படமா எடுக்கணும்? நம்ம ஆளுங்கள பத்தி மத்தவங்க என்ன நெனைப்பாங்க?”

அப்பா வெகு நேரம் எதுவும் பேசவில்லை. அவர் கேரித் தீவில் தோட்ட வீட்டில் பிறந்தவர். இப்போது இங்குள்ள தொழிற்பேட்டையில் வேலை. கடைசியில், “அந்த வீடு அப்படியேதான் இருந்துச்சு. பலகை, தகரம், எல்லாம் அப்படியே,” என்று மட்டும் சொன்னார்.

மூன்று அளவுகோல்கள்

நம் சமூகத்தில் ‘ஜகாட்’ போன்ற படங்களை மூன்று அளவுகோல்களால் அளந்து பார்க்கிறார்கள். அவற்றில் இரண்டு எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இருந்தன.

முதலாவது, தம்பியின் அளவுகோல். தமிழ்நாட்டுப் படம் போல் இருக்கிறதா? பாட்டு எங்கே, சண்டை எங்கே, நாயகன் நடந்து வரும்போது மேளம் எங்கே? வாரந்தோறும் சென்னையிலிருந்து வரும் படங்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது இயல்பாக வருகிறது. ஆனால் ‘அந்த நாள்’ படத்துக்கு நேர்ந்ததும் இதுதான். வேறு ஒன்றைத் தர வந்த படத்திடம், வழக்கமானதை ஏன் தரவில்லை என்று கேட்கிறோம்.

இரண்டாவது, அம்மாவின் அளவுகோல். இது சமூகத்துக்கு நல்ல பெயர் தருமா? இதை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு சட்டவிரோதமான 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் இந்தியர் என்று அப்போது சொல்லப்பட்டது. மக்கள் தொகையில் நாம் 7 விழுக்காடு அளவுதான். அந்தச் செய்தி வந்து இரண்டே ஆண்டுகளில் குண்டர் கும்பலைப் பற்றிய தமிழ்ப் படம் வருகிறதென்றால் அம்மாக்கள் பயப்படத்தானே செய்வார்கள்? இடைநிலைப்பள்ளியில் என் வகுப்பில் ஒருவன் இருந்தான். கும்பலின் எண்ணை மேசையில் பேனாவால் கீறிக்கொண்டே இருப்பான். நன்றாகக் கணக்குப் போடுவான். நான்காம் படிவத்தின் நடுவில் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவன் ஏன் போனான் என்று அன்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அவன் போனதில் வகுப்பு அமைதியானது என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாவது அளவுகோல் எங்கள் கூடத்தில் இல்லை. அது 2016இல் நாட்டளவில் எழுந்தது. 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், சிறந்த படத்துக்கான விருது மொழி அடிப்படையில் பிரிக்கப்பட்டது. தேசிய மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு, மற்ற மொழிப் படங்களுக்கு ஒரு பிரிவு. ‘ஜகாட்’ படமும், பல இனத்தவர் சேர்ந்து விளையாடும் காற்பந்துக் கதையான ‘ஓலா போலா’ படமும் ‘மற்ற மொழி’ வரிசைக்குப் போயின. தேசிய மொழிக்கு உரிய இடத்தைத் தரவே இந்த ஏற்பாடு என்பது விழாத் தரப்பின் விளக்கம். மலேசியாவில், மலேசியர்கள், மலேசியரைப் பற்றி எடுத்த படத்தை வேறு வாசல் வழியாக அனுப்பலாமா என்பது எதிர்த்தவர்களின் கேள்வி.

எதிர்த்துப் பேசியவர்களில் மலாய்க் கலைஞர்கள் பலர் இருந்தார்கள். ஒளிப்பதிவாளர் முகமட் நோர் காசிம் தாம் முன்பு வென்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். நடிகரும் இயக்குநருமான அஃப்டுலின் ஷவ்கி விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். கடைசியில் ஏற்பாடு மாற்றப்பட்டது. எல்லா மொழிப் படங்களும் போட்டியிடும் ‘சிறந்த மலேசியப் படம்’ என்ற விருது வந்தது. செப்டம்பரில் நடந்த விழாவில் அந்த விருதை வென்றது ‘ஜகாட்’.

நமக்கெல்லாம் பெருமையான செய்தி. ஆனால் இந்த மூன்று அளவுகோல்களையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்று படத்தை இன்னொரு நாட்டுப் படங்களோடு ஒப்பிடுகிறது. ஒன்று மற்றவர் பார்வையை நினைத்துக் கவலைப்படுகிறது. ஒன்று மொழியைப் பார்க்கிறது. மூன்றும் படத்தைச் சுற்றி நிற்கின்றன. படத்துக்குள் நுழைந்து, ‘இதில் என்ன காட்டியிருக்கிறார்கள், எப்படிக் காட்டியிருக்கிறார்கள்’ என்று கேட்க நேரமே இருக்கவில்லை.

ஸ்டைல் எதற்காக?

குற்றப் படங்களுக்கு ஸ்டைல் தேவை. அதில் தவறில்லை. அந்த ஸ்டைல் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சனம் என்பது என் கருத்து.

அதே 2016 ஜூலையில் பா.இரஞ்சித் இயக்கத்தில் ரஜினிகாந்த் நடித்த ‘கபாலி’ வந்தது நினைவிருக்கும். அதுவும் மலேசியத் தமிழ்க் குண்டர் தலைவனின் கதைதான். தோட்டப் பின்னணியும் அதில் உண்டு. தமிழ்ப் படம் பார்க்காதவர்களும் திரையரங்குக்குப் போனார்கள். நம் நாட்டுப் பதிப்பில் மட்டும், கபாலி போலீசில் சரணடைந்தான் என்ற வரி முடிவில் சேர்க்கப்பட்டிருந்தது. குற்றம் செய்தவன் தப்பிவிட்டான் என்று இளையோர் நினைத்துவிடக் கூடாது என்ற கவலை அந்த ஒரு வரியில் தெரிந்தது.

எனக்கு ‘கபாலி’ பிடிக்கும். கோட்டு சூட்டோடு ரஜினி நடந்து வரும்போது நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் இரண்டு படங்களிலும் ஸ்டைல் செய்கிற வேலை வேறு. ‘கபாலி’யில் அந்தத் தோரணை நம்மை நிமிர வைக்கிறது, கோட்டு போடுவதே ஓர் உரிமை என்று சொல்கிறது. ‘ஜகாட்’ படத்தில் மெக்சிகோவின் தோரணையை நாம் அப்போயின் கண் வழியாகப் பார்க்கிறோம். முதலில் மயங்குகிறோம். பிறகு அந்தத் தோரணைக்குப் பின்னால் இருக்கும் பயமும் கடனும் பழியும் தெரியத் தெரிய, நாம் ஏன் மயங்கினோம் என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம். ‘கெட் கார்ட்டர்’ செய்வதும் இதைத்தான். கார்ட்டரின் கோட்டு எவ்வளவு கச்சிதமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அவனைச் சுற்றியுள்ள ஊரின் வறுமை கண்ணில் உறுத்துகிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்த்தேன். “குண்டர் கும்பலைக் காட்டறதால பையனுங்க கெட்டுப் போவாங்கன்னு பயப்படறீங்க. ஆனா இந்தப் படம், பையன் எப்படிக் கெட்டுப் போறான்னு காட்டுதே, அதுல அடிக்கிற அப்பாவும் இருக்காரு, வாத்தியாரும் இருக்காரு,” என்றேன். அம்மா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “அது சரி, ஆனா மத்தவங்க அந்த அளவுக்கு யோசிச்சா பாப்பாங்க?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்விதான். யோசித்துப் பார்க்க யாராவது உதவ வேண்டும். அந்த உதவிக்குப் பெயர்தான் விமர்சனம்.

எழுதி வைத்தது எங்கே?

இடுபணிக்காகத் தேடியபோது ஒன்றைக் கவனித்தேன். ‘கெட் கார்ட்டர்’ பற்றி 1971இல் யார் என்ன எழுதினார்கள் என்பதைப் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாக ஒரு பிற்பகலில் திரட்ட முடிந்தது. பாராட்டு, திட்டு எல்லாமே கிடைத்தன. அதனால்தான் கருத்து எப்படி மாறியது என்று ஒப்பிட முடிகிறது.

‘ஜகாட்’ பற்றித் தேடியபோது எனக்குக் கிடைத்தவற்றில் ஆங்கிலமும் மலாயும்தான் அதிகம். தமிழில் பேச்சு நடக்காமலா இருந்திருக்கும்? கிள்ளான் திரையரங்கு வாசலில், பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், முகநூலில் என்று எத்தனையோ பேர் வாதாடியிருப்பார்கள். என் அம்மாவைப் போல் பயந்தவர்களும், அப்பாவைப் போல் தங்கள் பழைய வீட்டைக் கண்டு மௌனமானவர்களும் எத்தனை பேரோ! அந்தப் பேச்சில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது. இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர், ‘மலேசியத் தமிழர்கள் தங்கள் படத்தை எப்படிப் பார்த்தார்கள்’ என்று ஆராய வந்தால், மற்றவர்கள் நம்மைப் பற்றி எழுதியதைத்தான் முதலில் படிப்பார்.

கேட்ஸ்ஹெட் கட்டடம் போலவே நம்முடைய பல இடங்களும் மறைந்துவிட்டன. எங்கள் வட்டாரத்தில் தோட்ட வீடுகள் இருந்த பல இடங்களில் இன்று தொழிற்சாலையும் வீடமைப்புத் திட்டமும் நிற்கின்றன. அவற்றின் சாயலைப் படம் காட்டலாம். அந்தப் படம் நமக்கு எப்படி இருந்தது என்பதை நாம்தான் எழுத வேண்டும்.

நீங்கள் எழுதினால்

எஸ்.பி.எம். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்களுக்குக் கட்டுரை எழுதுவது புதிதல்ல. கதை மாந்தர், பின்னணி, படிப்பினை என்று எழுதிப் பழகியவர்கள்தான் நாம். அதே பழக்கத்தைப் படத்துக்கும் கொண்டு போகலாம். எனக்கு உதவிய நான்கு வழிகளைச் சொல்கிறேன்.

படம் முடிந்ததும் ‘நல்லா இருக்கு’, ‘மொக்கை’ என்று எழுதும் முன், மனத்தில் தங்கிய ஒரு காட்சியை அப்படியே எழுதுங்கள். யார் எங்கே நின்றார், என்ன ஒலி கேட்டது, கேமரா எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை. கருத்துக்கு முன் கண்ணால் கண்டது வரட்டும்.

அடுத்து, இந்தப் படம் என்ன செய்ய முயல்கிறது என்று கேளுங்கள். சிரிக்க வைக்க வந்த படத்தை அழவைக்கவில்லை என்று குறை சொல்லாதீர்கள். அது செய்ய வந்ததைச் செய்ததா என்று மட்டும் பாருங்கள்.

மூன்றாவதாக, குற்றப் படமாக இருந்தால், குற்றம் செய்தவனுக்கு ஊர் இருக்கிறதா, வீடு இருக்கிறதா, பசி இருக்கிறதா என்று தேடுங்கள். எதுவுமே இல்லாமல் கத்தியும் கண்ணாடியும் மட்டும் இருந்தால், அந்த ஸ்டைல் வெறும் சட்டை என்று தயங்காமல் எழுதுங்கள். உள்ளூர்ப் படம் என்பதற்காகப் பாராட்ட வேண்டியதில்லை. சலுகைப் பாராட்டு நம் கலைஞர்களுக்கு எந்த வகையிலும் உதவாது.

கடைசியாக, தேதி போட்டு வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே படத்தை மறுபடி பாருங்கள். உங்கள் கருத்து மாறியிருந்தால் அதையும் எழுதுங்கள். டிலிஸ் பவல் தொண்ணூறு வயதுக்குப் பிறகு செய்ததை நாம் இருபதிலேயே பழகிக்கொள்ளலாம்.

நீளமாக எழுத வேண்டாம். 300 சொற்கள் போதும். பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம், ஆண்டு மலரில் போடலாம், இந்தப் பக்கத்துக்கும் அனுப்பலாம். என் தம்பியிடம் சொல்லிவிட்டேன். ‘ஜகாட்’ ஏன் மெதுவாகப் போகிறது என்று அவனே ஒரு பக்கம் எழுதப் போகிறானாம். திட்டித்தான் எழுதுவான் என்று நினைக்கிறேன். எழுதட்டும்.